கர்மவீரர் காமராசர் – ஓர் ஆட்சியை அளப்பது எப்படி?

 

முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் நுழைந்ததும் நம் கையில் கொடுப்பது என்ன? வெர்னியர் காலிப்பர். அதை வைத்து ஒரு இரும்புத் துண்டை அளக்கச் சொல்வார்கள். அளந்தால் போதாது, கருவியின் லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு, ஜீரோ எரர் உண்டா என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழாது. விரல் நீள இரும்புத் துண்டுக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், கோடிக்கணக்கான மக்களை ஆளுகிற ஓர் அரசாங்கத்தை எதை வைத்து அளப்பது?

டீக்கடையில் நாம அளப்பது எல்லாம் கண் மதிப்புதான். நம்ம கட்சி என்றால் நூற்றுக்கு நூறு, அடுத்த கட்சி என்றால் பூஜ்யம். உலக வங்கி 1996 தொடங்கி நாடுகளின் ஆட்சித் தரத்தை ஆறு தலைப்பில் கணக்குப் போடுகிறது. மக்களின் குரலுக்கு இடமும் ஆட்சியாளர் பதில் சொல்லும் பொறுப்பும், கலகமில்லாத அரசியல் நிலை, அரசு இயந்திரத்தின் திறமை, விதிமுறைகளின் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு. இதுதான் அந்த ஆறு. இதில் இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்தே தருகிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் லீஸ்ட் கவுண்ட் எழுதிய ரெக்கார்டு. ஆனால் நிபுணர்களும் தொழில் நிறுவனங்களும் ஆய்வில் பதில் சொல்பவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்ற தொகுப்புதான் அதில் பெரும்பகுதி. நேரே டேப் போட்டு அளந்தது அல்ல.

இந்த அளவுகோலையும், நம்ம ஊர்க்காரர் கையில் இருக்கும் அளவுகோலையும் சேர்த்து, ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை இந்த மலரில் அளந்து பார்க்கலாம் என்று ஆசை. அவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நாம டிப்ளமோ! அளக்கும்போது கொஞ்சம் பணிவு இருக்கட்டும்.

விருதுபட்டியிலிருந்து...

1903 ஜூலை 15. இன்றைய விருதுநகர் அன்று விருதுபட்டி. குமாரசாமி – சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்த மகனுக்குக் குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயர். அம்மா கூப்பிட்டது ராஜா என்று. இரண்டும் சேர்ந்து காமராசு ஆனது. சிறுவனுக்கு ஆறு வயதாகும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் தங்கை நாகம்மாளும்தான் குடும்பம். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. நம் வகுப்பிலும் அப்பா இல்லாமல் அம்மாவின் கூலியில் படிக்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வலி புரியும்.

துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்த பையனின் மனதை 1919 ஜாலியன் வாலாபாக் படுகொலைச் செய்தி உலுக்கியது. கடை பிடிக்கவில்லை. கூட்டம், ஊர்வலம், கதர் என்று திரிய ஆரம்பித்தார். வைக்கம் போராட்டத்துக்குப் போனார். 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதாகி, கல்கத்தா அலிப்பூர் சிறை வரை அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு சிறை அவருக்கு ஹாஸ்டல் மாதிரி ஆகிவிட்டது. ஆறு முறை, மொத்தம் 3,000 நாட்களுக்கு மேல். நம்ம மூன்று வருஷ டிப்ளமோவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! பள்ளியில் விட்ட படிப்பை அங்கேதான் படித்தார். செய்தித்தாளும் புத்தகமும் விடாமல் வாசித்து ஆங்கிலமும் கற்றார்.

அரசியலில் அவருக்கு ஆசான் சத்தியமூர்த்தி. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல். ராஜாஜி தரப்பில் நின்றவர் சி.பி. சுப்பையா. மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் காமராசர் வென்றார். அந்த மூன்று ஓட்டு, பின்னால் தமிழ்நாட்டின் போக்கையே மாற்றியது.

அதே காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வேலூர் சிறையில் அவர் இருந்தபோது, அவரைக் கேட்காமலேயே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1941-ல் விடுதலையாகி ஊருக்கு வந்தார். நாற்காலி காத்திருந்தது. கட்சி வேலையையும் வைத்துக்கொண்டு இந்தப் பதவிக்கு முழு நேரம் கொடுக்க முடியாது என்று உடனே ராஜினாமா செய்தார். பதவியை ஏற்கும் முன் தன் கொள்ளளவை அளந்து பார்த்தவர் அவர். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்காமல் மேலே மேலே மாடி கட்டினால் என்னாகும் என்று சிவில் நண்பர்களிடம் கேளுங்கள்.

கோட்டையில் ஒரு சின்ன மந்திரிசபை

ராஜாஜி ஆட்சியில் 1953-ல் வந்த அரைநாள் பள்ளித் திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு. குலக்கல்வித் திட்டம் என்றே மக்கள் அதைச் சொன்னார்கள். ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரல் 13-ந் தேதி, தமிழ்ப் புத்தாண்டு நாளில் காமராசர் முதலமைச்சரானார். அப்போது அவர் எம்.எல்.ஏ. கூட இல்லை. நின்று ஜெயித்தது எங்கே தெரியுமா? குடியாத்தத்தில்! நம்ம திருவண்ணாமலையும் குடியாத்தமும் அன்று ஒரே வடஆற்காடு மாவட்டம். நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1989-ல்தான். ஆக, முதலமைச்சர் காமராசரை முதலில் சட்டமன்றத்துக்கு அனுப்பியது நம்ம பழைய ஜில்லா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மந்திரிகள் மொத்தம் எட்டே பேர். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்துக்கும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். சுப்பிரமணியத்திடம் நிதியும் கல்வியும் இருந்தன. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பரமேசுவரன் கையில் கோயில் நிர்வாகத்தைக் கொடுத்தார். கோயிலுக்குள் நுழையவே தடை இருந்த மக்களில் ஒருவர், கோயில்களை மேற்பார்வை செய்யும் மந்திரி! கோபுரத்து நிழலில் வாழும் நமக்கு இதன் எடை நன்றாகவே புரியும்.

முதல் அளவு: பள்ளிக்கூடம்

வந்த வேகத்தில் அரைநாள் திட்டத்தைக் கைவிட்டார். மூடிய பள்ளிகள் திறந்தன, பள்ளி இல்லாத ஊருக்குப் பள்ளி வந்தது. ஆனால் கட்டடம் இருந்தால் மட்டும் பிள்ளை வருமா? மாடு மேய்த்தால் அரை வயிற்றுக்காவது கிடைக்கும், பள்ளிக்குப் போனால் என்ன கிடைக்கும்? பசியைப் படித்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். சென்னை நகரப் பள்ளிகளில் நீதிக்கட்சிக் காலத்திலேயே மதிய உணவு கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அதை 1956 முதல் கிராமங்களுக்குக் கொண்டு போனார் காமராசர். அரசு ஒரு பங்கு, ஊர் மக்கள் ஒரு பங்கு. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஒருவர் பெஞ்ச் கொடுத்தார், ஒருவர் கரும்பலகை கொடுத்தார், ஒருவர் நிலமே கொடுத்தார். பிறகு சீருடை வந்தது. 1960-ல், ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை சம்பளம் இல்லை என்றானது.

பலன்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1951-ல் தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குச் சுமார் 21 பேர். 1961-ல் 31 பேர். 1971-ல் 39 பேர். இதில் அவர் ஒருவரின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எந்தக் கருவியும் இல்லை. ஆனால் இன்னொரு அளவு இருக்கிறது. அவரைத் தோற்கடித்த கட்சிகள்கூட அந்தச் சாப்பாட்டை நிறுத்தவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆட்சி மாறினாலும் நிற்கும் திட்டம்தான் நல்ல அஸ்திவாரம் போட்ட திட்டம்.

எங்க பெரியப்பா நகராட்சிப் பள்ளியில் அந்தச் சாப்பாட்டுக்காகவே சேர்ந்தவர். சாப்பாட்டுக்குப் போனவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியே வந்தார். அவர் படித்ததால் எங்க அப்பா படித்தார். அப்பா படித்ததால் நான் இங்கே டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயர் பிடித்து நிற்கிறேன்.

இரண்டாம் அளவு: தண்ணீரும் எந்திரமும்

சர்வே கேம்ப்புக்கு சாத்தனூர் போனபோது எல்லாரும் முதலைப் பண்ணையில்தான் நின்றோம், ஒப்புக்கொள்கிறேன்! ஆனால் ஒரு நிமிஷம் அணை மேல் நின்று யோசித்திருக்கிறோமா? தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் முடிந்த வேலை அது. முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. திருவண்ணாமலை நகரத்துக் குழாயில் வரும் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். அதே ஆட்சிக் காலத்தில்தான் கிருஷ்ணகிரி, வைகை, அமராவதி, மணிமுத்தாறு, வீடூர் அணைகளும் எழுந்தன.

தொழில் பக்கம் வாருங்கள். கிண்டி தொழிற்பேட்டை 1958-ல். தொழில்துறை மந்திரி ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். நெய்வேலி நிலக்கரி, ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை, திருச்சி பெல் என்று மத்திய அரசின் ஆலைகள் அடுத்தடுத்து வந்தன அல்லது வர முடிவானது. ஐ.ஐ.டி. 1959-ல். இத்தனை மெஷினை ஓட்ட ஆள் வேண்டுமே? அதற்காகப் பாலிடெக்னிக்குகள் பெருகின. ஐ.டி.ஐ., டிப்ளமோ என்ற சொற்கள் கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். நம் பிழைப்புக்கே பிள்ளையார் சுழி போட்டவர் அவர் என்றால் தப்பில்லை.

திருவண்ணாமலை போட்ட மார்க்

இனிமேல்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. இவ்வளவு செய்தவருக்கு நம்ம ஊர் எத்தனை மார்க் போட்டது?

1957 பொதுத்தேர்தல். தி.மு.க. முதல் முறையாகத் தேர்தலில் நிற்கிறது. திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் ப.உ. சண்முகம் ஜெயித்தார். நாடாளுமன்றத்துக்கு அந்தக் கட்சி அனுப்பிய இருவரில் ஒருவர் நாமக்கல் ஈ.வெ.கி. சம்பத், மற்றவர் நம்ம திருவண்ணாமலையின் தர்மலிங்கம். அதாவது நம்ம ஊர் ஆளுங்கட்சிக்கு இரண்டு பேப்பரிலும் ஃபெயில் போட்டது. ஆனால் சாத்தனூர் வேலை நிற்கவில்லை. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஊருக்கு அடுத்த வருஷமே அணை முடிந்து தண்ணீர் வந்தது. ஆட்சியின் தரத்தை அளக்க இதைவிட நல்ல சோதனை வேறென்ன வேண்டும்?

1962-ல் தொகுதி காங்கிரசிடம் திரும்பியது. 1963-ல் இடைத்தேர்தல் வந்தது. மீண்டும் சண்முகமே வென்றார். முதலமைச்சருக்கு இது பெரிய அடி. மக்களுக்கும் கட்சிக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது, பதவியில் இருப்பவர்கள் இறங்கி வந்து கட்சி வேலை செய்தால்தான் அது மூடும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட இந்தத் தோல்வியும் ஒரு காரணம் என்று அரசியல் பார்வையாளர்கள் சொல்வது உண்டு. அதுதான் காமராசர் திட்டம் என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆறு மத்திய மந்திரிகளும் ஆறு முதலமைச்சர்களும் பதவி விலகினார்கள். திட்டம் சொன்னவரும் 1963 அக்டோபர் 2-ல் கோட்டையை விட்டு இறங்கினார்.

எங்க தாத்தா அந்த இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர். மண்டியில் மூட்டை தூக்கியவர். அரிசி விலையை அவர் முதுகு அறியும். அதனால் உதயசூரியனுக்குப் போட்டாராம். ஆனால் கடைசி வரை எங்க வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் காமராசர் படம் இருந்தது. சின்ன வயசில் எனக்கு இது புரியவே இல்லை. பிடித்தவருக்கு ஓட்டுப் போடவில்லை, ஓட்டுப் போடாதவரின் படத்தை மாட்டியிருக்கிறாரே! இப்போது புரிகிறது. ஆளுக்கு ஒரு மார்க், ஆட்சிக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார் தாத்தா. நாமதான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

டெல்லியில் ஒரு வேட்டி

1964 தொடக்கத்தில் புவனேசுவரம் மாநாட்டில் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். சில மாதத்தில், மே 27-ல் நேரு மறைந்தார். நேருவுக்குப் பின் இந்தியா உடைந்துவிடும் என்று ஜோசியம் சொன்னவர்கள் உலகமெல்லாம் இருந்தார்கள். அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பாகிஸ்தானில் 1958-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, பர்மாவில் 1962-ல். கானாவில் 1966-ல் அதே கதை. புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாட்டில், தலைவர் இறந்தால் நாற்காலிக்கு அடுத்து யார் என்பது துப்பாக்கி முடிவு செய்யும் விஷயமாக இருந்தது.

இந்தியாவில் அதை முடிவு செய்தது பேச்சுவார்த்தை. ஒவ்வொரு எம்.பி.யையும் முதலமைச்சரையும் கலந்து பேசி, லால் பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகக் கொண்டு வந்தார் காமராசர். 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். மறுபடியும் அதே சோதனை. இந்த முறை மொரார்ஜி தேசாய் போட்டியிட, ஓட்டெடுப்பு நடந்து இந்திரா காந்தி பிரதமரானார். இருபது மாதத்தில் இரண்டு பிரதமர் மாற்றம், ஒரு குண்டும் வெடிக்கவில்லை. இந்தியோ சரளமான ஆங்கிலமோ கைவசம் இல்லாத ஒருவர் நடத்திக் காட்டிய காரியம் இது. தானே பிரதமராகலாம் என்ற யோசனை வந்தபோது அவர் ஒதுங்கிக்கொண்டார். விருதுநகர் நகராட்சி நாற்காலியை விட்ட அதே மனுஷன்தானே!

ஜீரோ எரர்

குறையே சொல்லாவிட்டால் இது மார்க் ஷீட் ஆகாது, மாலை ஆகிவிடும்.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு, காமராசரின் சொந்த ஊரான விருதுநகரிலேயே சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபரில் உயிர் விட்டார். அந்த ஆட்சி அசையவில்லை. பெயர் மாற்றம் 1967-ல் அண்ணா வந்த பிறகுதான் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போனதில் எல்லைப் போராட்டக்காரர்களுக்கு அவர் மேல் ஆறாத வருத்தம் உண்டு. 1957-ல் முதுகுளத்தூர் சாதிக் கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் அவர் ஆட்சியில் நடந்தவை. மக்கள் குரல், சட்டம் ஒழுங்கு ஆகிய இரண்டு பேப்பரிலும் இதற்கெல்லாம் மார்க் குறையத்தான் வேண்டும்.

1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது அவர் முதலமைச்சர் இல்லை. ஆனால் கட்சியின் அகில இந்தியத் தலைவர். மாணவர்கள் மேல் விழுந்த அடியும், அரிசிப் பஞ்சமும் கட்சியைக் கீழே தள்ளின. 1967-ல் சொந்த ஊர் விருதுநகரிலேயே, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். கவனியுங்கள், அவர் திறந்த பள்ளிகளில் படித்த தலைமுறைதான் அவரைத் தோற்கடித்தது! படிக்க வைத்தால் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த மக்களை உண்டாக்கிய ஆட்சி தோற்றாலும், அதன் வேலை தோற்கவில்லை.

1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். அதே வருஷம் கட்சி உடைந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. தான் முன்நின்று பிரதமராக்கியவர் கையாலேயே பத்திரிகைகளின் வாய் கட்டப்படுவதைப் பார்த்து மனம் நொந்தார். அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று கண் மூடினார். மறு ஆண்டு பாரத ரத்னா அளித்தார்கள். கல்யாணம் இல்லை, சொந்த வீடு இல்லை. தி.நகரில் வாடகை வீடு. ஒன்பதரை ஆண்டு முதலமைச்சராக இருந்தவர் விட்டுப்போனது கொஞ்சம் கதர் வேட்டி சட்டை, கொஞ்சம் புத்தகம். அம்மா வீட்டுக்குத் தனியாகக் குழாய் போட்டதைக் கழற்றச் சொன்னார் என்ற கதையை இன்றும் ஊரில் சொல்கிறார்கள். ஊழல் கட்டுப்பாடு என்ற பேப்பரில் நூற்றுக்கு எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எம்-புக் நம் கையில்

நண்பர்களே! 2024 டிசம்பர் முதல் வாரம் நமக்கு மறக்குமா? ஃபெஞ்சல் புயல் மழையில் நம் அண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர் போனது. சாத்தனூர் நிரம்பி நள்ளிரவில் திறந்த தண்ணீர் விழுப்புரம், கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது; எச்சரிக்கை போதுமா என்று சர்ச்சை எழுந்தது. அகரம்பள்ளிப்பட்டில் 16 கோடி ரூபாய்ப் பாலம், திறந்து மூன்று மாதத்தில் அடித்துக்கொண்டு போனது. கணக்கில் எடுத்த வெள்ளத்தைவிடப் பல மடங்கு வந்துவிட்டது என்பது அரசின் விளக்கம். இருக்கலாம். ஆனால் எவ்வளவு வெள்ளத்துக்குக் கணக்குப் போட வேண்டும், ஷட்டரை எப்போது திறக்க வேண்டும், மலைச்சரிவில் வீட்டுக்கு அனுமதி கொடுக்கலாமா... இதெல்லாம்தான் ஆட்சி. அது கோட்டையில் மட்டும் நடப்பதில்லை. தாலுகா ஆபீசில் நடக்கிறது, சைட்டில் நடக்கிறது.

நாளைக்கு நம்மில் பலர் ஓவர்சியர் ஆவோம், ஜே.இ. ஆவோம், கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக நிற்போம். வேலையை அளந்து எம்-புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாகும். நாலு அங்குலம் போட்டதை ஆறு அங்குலம் என்று எழுதச் சொல்லி ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். அந்த நிமிஷம் இந்த நாட்டின் ஆட்சித் தரம் முழுவதும் நம் பேனா முனையில் நிற்கும். உலக வங்கிக்காரர் அங்கே வந்து அளக்க மாட்டார்.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். மாலை போடுவோம், மிட்டாய் கொடுப்போம், நல்லதுதான். அதோடு கூட, ஆறாம் வகுப்பு படித்த அந்த மனிதரை எம்-புக் திறக்கும்போதும் ஒரு நொடி நினைத்துக்கொள்வோம். உள்ளதை உள்ளபடி எழுதுவோம்.

– இறுதியாண்டு சிவில் மாணவன்